பிள்ளைகளுக்காகக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள்

பெற்றவர்கள் கோர்ட்டுப் படி ஏறுவது நமக்குப் புதிதல்ல. பாகப்பிரிவினைக்கு ஏறுவார்கள், பிள்ளையை ஜாமீனில் எடுக்க ஏறுவார்கள். 2011ஆம் ஆண்டில் 19 தாய் தந்தையர் உச்ச நீதிமன்றத்தின் படி ஏறியது வேறு காரியத்துக்காக. ஆணை நேசிக்கும் ஆணையும் பெண்ணை நேசிக்கும் பெண்ணையும் குற்றவாளி என்று சொன்ன 377ஆவது பிரிவு, பிள்ளைகளோடு சேர்த்துக் குடும்பத்தையே தண்டிக்கிறது என்று அவர்கள் முறையிட்டார்கள். வக்கீல்கள் வாதாடியது பெரிதல்ல. அது அவர்கள் தொழில். என் மகன், என் மகள் என்று ஊரறியப் பெயர் கொடுத்துக் கையெழுத்திட்டார்களே, அதுதான் பெரிது.

அந்தப் பிரிவு 1860இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது; இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. சிலராக இருந்தால் நியாயம் கிடையாதாம்! அயல் மாநிலத்தில் பிழைக்க வந்து, நாம் எத்தனை பேர் என்று எண்ணப்பட்ட நமக்கு இந்தக் கணக்கின் கொடுமை தெரியும். 1960களின் கடைசியில் பம்பாயில் தென்னாட்டானை விரட்டு என்று கோஷம் எழுந்தபோது, நம்மவர் கடைக்கு முன்னால் வந்து நின்ற மராத்தி அண்டை வீட்டாரை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டா நின்றார்கள்?

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது. ஆகவே 377 என்று மிரட்டிக் காசு கேட்பவன் காக்கி உடுத்தி வந்தாலும், இல்லாத சட்டத்தைத்தான் காட்டுகிறான்.

கல்யாண உரிமை இன்னும் கிட்டவில்லை. 2023 ஏப்ரலில் ‘ஸ்வீகார்’ என்ற பெற்றோர் அமைப்பைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்டோர், தங்களுக்கு வயதாகிறது, கண் மூடுமுன் பிள்ளைகளின் மணத்தைப் பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த அக்டோபரில் நீதிமன்றம் கைவிரித்தது.

அவர்கள் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். கூலி, குடிசை, ரேஷன் என்று அல்லாடும் நமக்கு இது எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. ரேஷனிலிருந்தே பதில் சொல்கிறோம். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் சேர்ந்து வாழ்ந்தால், ரேஷன் கார்டில் அவர்களை ஒரே குடும்பமாகக் கொள்ளும்படி மத்திய அரசு 2024இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வங்கியில் கூட்டுக் கணக்கு திறக்கலாம், ஒருவர் மற்றவரை வாரிசுதாரராகக் குறிப்பிடலாம் என்றும் அறிவித்திருக்கிறது. இது பணக்காரனுக்கா வேண்டும்? பத்துக்குப் பத்து அறையில் இரண்டு சம்பளத்தைச் சேர்த்து அடுப்பு எரிக்கிறவர்களுக்குத்தான் வேண்டும்.

நம் சால்களிலும் அப்படி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் இருக்க முடியாமல் ரயிலேறி வந்த பிள்ளைகள் அவர்கள். சிக்னலில் நம்மிடம் தமிழில் பேசும் திருநங்கைகளும் அப்படி வந்தவர்களே. ஊரிலிருந்து அண்ணன்மார் ஆள் சேர்த்துக்கொண்டு பெண்ணை இழுத்துப்போக வந்தால், குடும்ப விவகாரம் என்று கதவைச் சாத்திக்கொள்வது சரியல்ல. மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களுக்குப் போலீஸ் தொல்லை கூடாது என்றார். வைத்தியத்தால் ‘மாற்றும்’ முயற்சியையும் தடை செய்தார். அதற்கு முன், தமக்கு இது புரியவில்லை என்று மனநல நிபுணரிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார். நீதிபதிக்கே இல்லாத கௌரவக் குறைச்சல் நம் வீட்டுத் தகப்பன்மாருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

சங்க அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கும் தோழர்கள் இனி இப்படி வருகிறவர்களுக்கும் ரேஷன் விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டும். உறவுமுறை விசாரித்து முகம் சுளிக்கக் கூடாது. தனியே ரேஷன் ஆபீசுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்களோடு கமிட்டி உறுப்பினர் ஒருவர் கூடப் போக வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருகிறோம். பெண் உறுப்பினர்கள் தவறாமல் வர வேண்டும்.