ஒரு ரப்பர் வளையமும் தொழிலாளியின் உயிரும்



குழாய்க்குள் வட்டத் தகடு சுழன்று திறந்து மூடுகிறதே, அதுதான் பட்டர்ஃபிளை வால்வு. தகடு அழுந்தும் ரப்பர் சீட் தேய்ந்தால், மூடினாலும் உள்ளே ஒழுகும். தண்டைச் சுற்றிய ஓ-ரிங் தேய்ந்தால் வெளியே கசியும். மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது என்பதே கேள்வி.

“அந்தப் பக்க வால்வை மூடிவிட்டுக் கழற்று, உற்பத்தி நிற்கக் கூடாது” என்கிறார் மேலதிகாரி. மூடிய ஒற்றை வால்வை நம்பி இறங்கலாமா?

1989 அக்டோபர் 23. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துப் பாசடேனாவில் ஒரு பாலிஎதிலின் ஆலை. காண்டிராக்ட் தொழிலாளர் அடைபட்ட குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தனர். எரிவாயுவைத் தடுத்து நின்றது ஒரே வால்வு. அதை இயக்கும் காற்றுக் குழாய்கள் இடம் மாற்றி மாட்டப்பட்டிருந்தன. விசை ‘மூடு’ என்ற நிலையில் இருக்க, வால்வு திறந்தது. 23 பேர் மாண்டனர். இரட்டை வால்வோ அடைப்புத் தகடோ வேண்டும் என்பது கம்பெனியின் சொந்த விதி. ஆலையில் அது கைவிடப்பட்டிருந்தது!

ஆகவே நாம் கேட்க வேண்டியது:

குழாயை நிறுத்து, அழுத்தத்தை முற்றிலும் இறக்கு, அடைப்புத் தகடு போடு, பூட்டின் சாவி கழற்றும் தொழிலாளி கையில் இருக்கட்டும். எண்ணெய்க் குழாய்க்கு ஈபிடிஎம் ரப்பர் ஆகாது, ஊதிக் கெடும், நைட்ரில் கொடு. போல்ட்டை இறுக்கும்போது தகடு திறந்திருக்க வேண்டும், இல்லையேல் புதிய சீட் நசுங்கும். அந்தப் பயிற்சியையும் கொடு.

இவை சலுகைகள் அல்ல. வேலைக்குப் போனவன் வீடு திரும்பும் உரிமை. சங்கத்தில் பேசுங்கள், ஒன்றுபட்டுக் கேளுங்கள்!