முடித்து வைக்கப்பட்ட மனுக்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

மகளிர் நீதிமன்றங்களில், கணவன் வீட்டில் கொடுமைக்கு ஆளான பெண்கள் பக்கம் நிற்கும் வழக்கறிஞர் நான். இந்த வழக்குகளில் விடுதலைத் தீர்ப்பு வந்தாலே பொய் வழக்கு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கூண்டில் ஏறி உண்மையைச் சொன்ன பெண்ணும் தோற்கிறாள். அவள் வழக்கு, பெரும்பாலும் காவல் நிலைய ரைட்டர் மேசையிலேயே தோற்றுவிட்ட வழக்கு.

குறுக்கு விசாரணையைப் பாருங்கள். "தீபாவளிக்கு முந்தின நாள் தோசைக் கரண்டியால் அடித்தார் என்கிறீர்கள். இதைப் போலீசில் சொன்னீர்களா?" "சொன்னேன்." பிறகு விசாரணை அதிகாரி கூண்டேறுகிறார். அவள் சொன்னதாக அவர் எழுதிய வாக்குமூலத்தில் கரண்டியும் இல்லை, தீபாவளியும் இல்லை. "அப்படிச் சாட்சி என்னிடம் சொல்லவில்லை" என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் கிடையாது. அந்த வாக்குமூலத்தில் அவள் கையெழுத்து இல்லை. வாங்கக் கூடாது என்பது சட்டம். எழுதியவர் விட்டது, சொன்னவள் தலையில் விடிகிறது.

கணவன் வீட்டுக் கொடுமைக்கென 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாகிவிட்டது. புகாரின் வாசகம் மட்டும் அப்படியே இருக்கிறது: "அடிக்கடி வரதட்சணை கேட்டு உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் கொடுமைப்படுத்தி வந்தார்கள்." என்றைக்கு, எந்த அறையில், யார், எதனால் அடித்தார்கள்? கணவன் முதல் துபாயில் இருக்கும் கொழுந்தன் வரை எல்லோரும் ஒரே வரியில். இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னதை வைத்துக் கணவனின் உறவினர்கள் மீது வழக்கு நடத்த முடியாது என்று 2022இல் கக்கஷான் கௌசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் மீதான வழக்கை ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான். தேதியும் இடமும் கேட்டு எழுதினால், ஒன்றும் செய்யாத நாத்தனாரும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்காது.

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இறந்துபோனால், கொடுமை நடந்ததைக் காட்டிய பிறகு சாட்சியச் சட்டம் அவள் பக்கம் சில அனுமானங்களைத் தருகிறது. உயிரோடு வந்து புகார் கொடுப்பவளுக்கு அதுவும் இல்லை. முழுக்க அவள் தரப்பே நிரூபிக்க வேண்டும். அம்மாவும் அண்ணனும் சொன்னால் "சொந்தக்காரர்கள்தானே" என்பார்கள். அலறல் கேட்ட பக்கத்து வீட்டம்மா "எங்களுக்கு எதுக்குங்க வம்பு" என்று கதவைச் சாத்திவிடுவார். அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டிலோ "தவறி விழுந்ததாக" என்றிருக்கும். கூட்டிவந்த கணவன் பக்கத்திலேயே நின்றால் அவள் வேறென்ன சொல்வாள்? அன்று பணியிலிருந்த நர்சை யாரும் விசாரிப்பதில்லை. வாட்ஸ்அப் மிரட்டலை அச்செடுத்துக் கோப்பில் வைக்கிறார்கள். மின்னணு ஆவணத்துக்கு வேண்டிய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் அது வெறும் தாள்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு நல்ல சாட்சியம் உங்கள் நிலையத்திலேயே கிடக்கிறது. வழக்கு பதிவதற்கு முன் அவள் இரண்டு மூன்று முறை மனு கொடுத்திருப்பாள். மனு ரசீது போட்டு, இரு தரப்பையும் கூப்பிட்டு, "இனி அடிக்க மாட்டேன்" என்று கணவனிடம் எழுதி வாங்கி, சமாதானம் என்று முடித்திருப்பார்கள். அவன் போலீசில் எழுதிக் கொடுத்ததை ஒப்புதல் வாக்குமூலமாக அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது, அது தெரிந்ததே. அவள் கொடுத்த மனு அப்படியல்ல. சம்பவத்தை ஒட்டி, விசாரிக்க அதிகாரமுள்ளவரிடம் அவளே சொன்னது. அவள் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கச் சட்டம் அதை அனுமதிக்கிறது. "இத்தனை வருடம் ஏனம்மா சும்மா இருந்தீர்கள்?" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. நான் பார்க்கும் குற்றப்பத்திரிகைகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. "முடிந்துபோன மனு சார்" என்பார்கள்.

நான் கேட்பது ஒரு சுற்றறிக்கை. வழக்கு பதியும் நாளிலேயே அந்தப் பெண்ணின் பழைய மனுக்களை எடுத்துக் கோப்பில் சேர்க்கட்டும். அவற்றை விசாரித்தவர் பெயரைச் சாட்சிப் பட்டியலில் போடட்டும். அந்த அதிகாரி இடமாற்றலில் வேறு மாவட்டம் போயிருக்கலாம். சம்மன் சார்பு செய்வது கஷ்டமில்லை, உங்கள் துறை ஆள்தானே.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்