நீராவியா, டீசலா, அணுவா?

பல்சக்கரம் ஒட்டிய தொப்பியும் பித்தளைக் கண்ணாடியும் அணிந்த நாயகி அட்டையில் இருந்துவிட்டால் போதும், அதை ‘ஸ்டீம்பங்க்’ கதை என்று சொல்லிவிடுகிறோம். எங்கள் வகுப்பிலும் இப்பழக்கம் உண்டு. உடையைப் பார்த்து விஞ்ஞானக் கதைகளை வகை பிரிப்பது சரியன்று என்பது எங்கள் கருத்து. இயந்திரத்தை ஓட்டுவது எது என்றே முதலில் கேட்க வேண்டும்.

நீராவி என்றால் ஸ்டீம்பங்க்; விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துதான் பெரும்பாலும் அதன் களம். டீசலும் பெட்ரோலும் என்றால் டீசல்பங்க். முதல் உலகப்போர் முடிந்தது முதல் இரண்டாம் உலகப்போர் வரையிலான உலகம் அது. 1945க்குப் பின், அணுசக்தி எல்லாவற்றையும் செய்து தரும் என்று அமெரிக்கா நம்பிய நாட்களின் கனவு ஆட்டம்பங்க். 1958இல் ஃபோர்டு நிறுவனம் அணு உலையால் ஓடும் காருக்குச் சிறிய மாதிரி கூடச் செய்து காட்டியது! கார் மட்டும் வரவேயில்லை.

ஜூல் வெர்னை ஸ்டீம்பங்க் ஆசிரியர் என்பாரும் உளர். அவருடைய நாட்டிலஸ் கப்பலோ மின்சாரத்தால் ஓடுவது! மேலும், அவர் தம் காலத்தில் நின்று வருங்காலத்தை நோக்கினார். ஸ்டீம்பங்க் எழுதுவோர் பின்னாளில் நின்று, “அன்று இப்படி நடந்திருந்தால்?” என்று திரும்பிப் பார்ப்பவர்கள். அப்பெயரையே கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் எழுத்தாளர் 1987இல்தான், பாதி வேடிக்கையாக, ஒரு கடிதத்தில் சூட்டினார். சார்லஸ் பாபேஜ் தம் வாழ்நாளில் முடிக்க இயலாத கணக்கிடும் இயந்திரம் முடிந்திருந்தால் என்ற கற்பனையில், வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் ஒரு நாவலே எழுதினர்.

“கதை நன்றாயிருந்தால் போதாதா? வகை எதற்கு?” என்றாள் ஒரு தோழி. நியாயமான கேள்விதான். ஆயினும் எரிபொருள் எது என்று கேட்டால், அதைத் தோண்டித் தந்தவர் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறதே! பிரிட்டனில் 1842 வரை எங்கள் வயதுப் பெண்களும், எங்களினும் சிறியவர்களும் சுரங்கத்துக்குள் நிலக்கரி வண்டி இழுத்தார்கள். அவ்வாண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் வேலை செய்வதினின்று தடுத்தது. பத்து வயது நிரம்பிய பையன் அதன் பிறகும் இறங்கலாம்!

இதைச் சொன்னதும், தோழி தன் கையிலிருந்த கதையை மறுபடியும் புரட்டினாள். பட்டுக் கவுன் அணிந்த சீமாட்டி இருந்தாள். ஆகாயக் கப்பல் இருந்தது. அதன் கொதிகலனைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. கரி அள்ளிப் போடுபவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.