கொச்சிக்குப் போகும் வழியில்

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கோயமுத்தூர்க்காரர்கள் நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "இங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? ஊட்டிக்குப் போலாம், இல்லாட்டி கொச்சிக்குப் போலாம்." காலையில் கிளம்பி வாளையாறு தாண்டினால் மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரை. சீன வலை, யூதர் தெரு, மட்டாஞ்சேரி அரண்மனை. விவரம் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் வடக்கே போய், 2007 முதல் அகழாய்வு நடந்த பட்டணம் கிராமத்தையும் பார்த்துவிட்டு வருவார்கள். பழைய முசிறித் துறைமுகம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. கேரள அரசு முசிறியின் பெயரிலேயே ஒரு மரபுத் திட்டம் வைத்து, படகிலும் ஊர் ஊராகவும் கூட்டிப்போய்க் காட்டுகிறது. நாம் வியந்து பார்க்கிறோம். வியக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தத் துறைமுகத்துக்குக் கடல் ஒரு வாசல் என்றால், கொங்கு நாடு அதன் பின்கட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற பெரிய திறப்பு இருப்பதால்தான் கிழக்கே கரூர் வரைக்கும் சரக்கு போய்வர முடிந்தது. அந்த வழி நெடுக நொய்யல் ஆறு ஓடியது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்கிறார்கள். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கல் பட்டறைகளும், தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகளும் வந்தன. பட்டறையில் கிடைத்த கற்களைப் பார்த்தாலே வேலை நடந்த விதம் புரியும். உடைத்துப் போட்ட கல், பாதி தேய்த்த மணி, துளையிடும்போது விரிசல் விட்டு ஒதுக்கிய மணி என எல்லா நிலையிலும் கிடைத்தன. காங்கேயம் அருகே படியூரில் பச்சை நீலக் கல் விளைந்தது. அறுபட்டையாக வளரும் அந்தக் கல்லை இந்தியர்கள் துளையிட்டுக் கோத்து அணிவதைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் நம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக வந்து போனது. தேர்வு எழுதினோம், மறந்துவிட்டோம்.

சுண்டக்காமுத்தூரை ஒட்டிய மலைச்சரிவில் ஒரு பாறையில் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. சோழன் ஆதித்தன் காலத்தது என்பார்கள். தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டியது. சேர நாட்டுக்குப் போகும் வழிக்கு ஓர் அரசன் காவல் இருந்ததற்கான சான்று. அதே திசையில் போகும் இன்றைய நெடுஞ்சாலையில் நம் வண்டிகள் எத்தனை ஆயிரம் முறை போயிருக்கும்! நம்மில் எத்தனை பேர் இறங்கி அந்தப் பாறையைத் தேடினோம்?

வெள்ளலூரைப் பற்றி எழுதத்தான் கை கூசுகிறது. 1842-இலும், பிறகு 1891-இலும் அங்கே ரோமானிய வெள்ளிக்காசுகள் நூற்றுக்கணக்கில் புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துக் காசுகள். திபேரியஸ் காசு நம் ஒரு ரூபாயைவிடச் சிறியது, நாலு கிராம்கூட இருக்காது. ஒரு பக்கம் பேரரசன் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். மத்தியதரைக் கடலிலிருந்து கிளம்பி, அரபிக்கடல் தாண்டி, கணவாய் வழியாக நொய்யல் கரைக்கு வந்து சேர்ந்த காசு. உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் இதைச் சொல்லியே பெருமைப்பட்டிருக்கும். நாம் அந்த ஊரைக் குப்பைக் கிடங்கு ஆக்கினோம். மாநகராட்சியின் குப்பை நூற்றுக்கணக்கான ஏக்கரில் அங்கேதான் மலையாகக் கிடக்கிறது. கோடையில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகைகிறது; போத்தனூர் வரைக்கும் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. மாநகராட்சியைத் திட்டிவிட்டுப் போவது எளிது. தினமும் காலையில் சோற்றையும் பாலித்தீனையும் ஒரே வாளியில் கொட்டி வண்டியில் ஏற்றியது நம் வீடுகள்தான். வெள்ளலூர் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது நாற்றம் மட்டுமே. அதற்கு நாம்தான் பொறுப்பு.

வெள்ளலூரை மட்டுமல்ல, நொய்யல் ஆற்றையும் கைவிட்டோம். எப்போது என்று யோசித்தால், குழாயில் சிறுவாணி வந்த பிறகு என்றுதான் தோன்றுகிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நமக்குக் குடிதண்ணீர் மலைக்கு அப்பாலிருந்து வருகிறது. அந்த ருசியைப் பற்றிப் பேசாத கோயமுத்தூர்க்காரர் கிடையாது. வேண்டாததாகிப்போன நொய்யல் சாக்கடை ஆனது. சித்திரைச்சாவடி அணைக்கட்டு தொடங்கி ஒவ்வோர் அணைக்கட்டிலும் ஆற்றைத் திருப்பி, வாய்க்கால் வழியாகக் குளங்களை நிரப்பி, மிச்சத்தை மறுபடி ஆற்றுக்கே அனுப்பும் ஏற்பாடு முன்னோருடையது. ஒரு குளம் நிரம்பினால் சுற்றிலும் கிணறு ஊறும். நாம் வாய்க்கால்களில் வீட்டுக் கழிவைத் திறந்துவிட்டோம். வாலாங்குளத்தை ரயில் பாதையும் சாலையும் ஊடறுத்தன. அம்மன்குளம் இன்று ஒரு குடியிருப்பின் பெயர்.

ஆற்றோடு கீழே போனால் திருப்பூர். 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டியபோது ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் என்றார்கள். சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் தண்ணீர் தேங்கும் தொட்டி ஆகிவிட்டது. மஞ்சளும் தென்னையும் விளைந்த காட்டில் உப்புப் பூத்தது. கிணற்றுத் தண்ணீரை மாடுகூட வாய் வைக்கவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வைத்து உயர் நீதிமன்றம் போய், ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போது நகரத்தில் நாம் பேசியதெல்லாம் ஏற்றுமதி போய்விடுமே, வேலை போய்விடுமே என்றுதான். அந்தக் கவலை பொய்யில்லை. பனியன் கம்பெனிச் சம்பளத்தில் படித்துப் பெரியவர்களானோர் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஆற்றோரத்துக் குடியானவன் கொடுத்த விலையை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கொடுமணலும் அந்த அணைக்குப் பக்கத்தில்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மணிக்கல் தேய்த்தவர்கள் குடித்த ஆற்றில்தான் நாம் சாயத்தைக் கலந்தோம்.

எல்லாரும் கைகட்டி நின்றார்கள் என்றும் சொல்லக் கூடாது. வெள்ளலூர்க் குளத்துக்கு வரும் வாய்க்காலைத் தன்னார்வலர்கள் மண்வெட்டி பிடித்துத் தூர்வாரி, பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கரையில் மரம் வளர்த்தார்கள், வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. இத்தனை பெரிய ஊரில் அந்த வேலைக்கு வந்தவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள் நாம் செல்போனில் படம் பார்த்துப் பாராட்டினோம்.

2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் ஈரோடு மாவட்டத்துக்கு நொய்யல் அருங்காட்சியகம் அறிவித்திருக்கிறார்கள். கொடுமணல் மணிகளும் ஓடுகளும் கடைசியில் சொந்த ஆற்றங்கரைப் பக்கம் வரப்போகின்றன. மகிழ்ச்சியான செய்தி. கட்டடத்தை அரசு கட்டும். நொய்யலைச் சாக்கடையாக விட்டுவிட்டு அதன் பெயரைப் பலகையில் எழுதலாமா என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகள் ஆற்றைக் காக்கச் சொல்லி நீதிமன்றப் படி ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஊர்க்காரர்கள் நாம் அன்றைக்கு அவர்களோடு போகவில்லை.