இசைவு எதுவரை?

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் பெங்களூர் வண்டியை அறியாத தங்கவயல் மாணவர் உண்டோ? 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் எங்கள் ஊருக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான். சென்ற ஆண்டு அதே வண்டியில், பங்காரப்பேட்டை வருவதற்குள், ஒரு படம் கைபேசிக்குக் கைபேசி தாவிப் பெட்டி முழுவதும் சுற்றிவிட்டது. படத்தில் இருந்தவள் எங்கள் லைனில் வளர்ந்த பெண். அதே வண்டியில் படிக்க வருபவள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு வேதியியல் நூலைப் பிரித்துக்கொண்டேன். மறுநாள் முதல் அவள் வண்டிக்கு வரவில்லை.

“அவளே இசைந்து எடுத்த படந்தானே!” என்றார் ஒருவர். படித்தவர்தாம்! நண்பர்களே, அந்தச் சொல்லை மறுக்கவே எழுதுகிறேன். 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவைச் சேர்த்தபோதே அதற்கு விடை எழுதிவிட்டார்கள். 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: அந்தரங்கப் படம் எடுக்க ஒரு பெண் இசைந்திருந்தாலும், பிறருக்குப் பரப்ப இசையவில்லையெனில், பரப்புவது குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாண்டு வரை நீளலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவோ, பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்றுகூடப் பார்ப்பதில்லை.

இது தங்கவயலாருக்குப் புதுப் பாடமா? 1930இல் சுரங்கத் தொழிலாளரைக் கைரேகை பதியச் சொன்னபோது நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிக்குக் கை கொடுக்க இசைந்தவர்கள், அந்தக் கையின் ரேகையைக் கொடுக்க இசையவில்லை. (இன்று இணையக் குற்றத்தைச் சொல்ல அழைக்கும் எண்ணும் 1930 என்பது விந்தைதான்.)

பின் ஏன் அவள் வீட்டார் புகார் கொடுக்கவில்லை? 2025 சூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர் ஒரு பெண் வழக்கறிஞர். புகார் கொடுத்த அவரை, ஆண் காவலர் எழுவர் சூழ அந்தக் காணொலியைப் பார்க்க வைத்தார்கள். முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயரும் ஏறியிருந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதைக் கடிந்துகொண்டார்; படங்களை 48 மணி நேரத்திற்குள் நீக்கும்படி மைய அரசுக்கு ஆணையிட்டார். சட்டம் கற்றவருக்கே அந்தக் கதி என்றால், சுரங்கத் தொழிலாளியின் பேத்தி எந்தத் துணிவில் காவல் நிலையப் படி ஏறுவாள்?

தண்டனையைக் கூட்டச் சொல்லிக் கூட்டம் போடுவது எளிது. புகாரைப் பெண் அதிகாரி தனியறையில், பெயரை மறைத்துப் பெறவேண்டும் என்று கேட்போம். போகிறவளுக்குத் துணையாக நம் சங்கத்து மாணவியர் இருவர் செல்லட்டும்.

சென்ற வாரம் அவள் அண்ணனைச் சந்தித்தேன். “வழக்குத் தொடுத்தால் நான் சாட்சி சொல்ல வருகிறேன், அண்ணா” என்றேன். “அன்றைக்கே ஏன் தம்பி சொல்லவில்லை?” என்று கேட்டார்.