குரங்கணி அடிவாரத்துல நின்னு ஒரு வார்த்தை

போன ஞாயித்துக்கிழமை குரங்கணி போயிருந்தேன். சொந்தக்காரர் ஒருத்தர் மேல முட்டம் பக்கம் மிளகு வச்சிருக்கார். இந்த வருசம் காய்ப்பு எப்படின்னு கேட்டுட்டு வரலாம்னுதான் போனது. போடியில இருந்து 16 கிலோமீட்டர். பஸ் அங்கேயே திரும்பிரும். அதுக்கு மேல நடைதான், இல்லன்னா குதிரை.

டீக்கடையில உக்காந்திருந்தேன். மெட்ராஸ் பிள்ளைங்க நாலு பேர் முதுகுப்பை, ஊன்றுகோல் எல்லாம் வச்சுக்கிட்டு நின்னாங்க. சாம்பலாறு வரைக்கும் போறதுக்கு ஆன்லைன்ல பதிஞ்சு வந்திருக்காங்க. அந்த நேரம் காப்பிக்கொட்டை மூட்டையோட அஞ்சாறு குதிரைங்க இறங்கி வந்துச்சு. ஒரு தம்பி ஆசையா, "அண்ணே, ஒரு ரவுண்டு ஏறிக்கலாமா, எவ்வளவு?"ன்னு கேட்டான். குதிரைக்காரர் சிரிச்சுட்டார். "இது கொடைக்கானல் ஏரிக்கரைக் குதிரை இல்ல தம்பி. நீ ஏறி உக்காந்தா மூட்டைன்னு நினைச்சு டாப் ஸ்டேஷன்ல கொண்டுபோய் இறக்கிரும்."

எல்லாரும் சிரிச்சோம். ஆனா அவர் சொன்னதுல விஷயம் இருக்கு. நீங்க நடக்குறதுக்குன்னு தேடி வர்ற அந்தப் பாதை, மேல இருக்குற ஜனங்களுக்கு கடைத்தெரு, ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாத்துக்கும் போற வழி. அரிசி, சிமெண்டு, கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகுல ஏறும். காப்பி, மிளகு, ஏலக்காய் இறங்கும்.

டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன்னு பேரைக் கேட்டுட்டு ரயில் நிலையம் எங்கன்னு தேடுறவங்களும் உண்டு. அதுவும் ஒரு காலத்துல உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்துல மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவர 1902ல ஒத்தைத் தண்டவாளம் போட்டாங்க. 1908ல அதைச் சின்ன ரயிலா மாத்துனாங்க. அங்கிருந்து தேயிலைப் பெட்டி கம்பியில தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடிக்கு மாட்டுவண்டி. 1924 வெள்ளத்துல ரயில் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பேரு மட்டும் நின்னுருச்சு. நூறு வருசம் கழிச்சும் பெட்டி சுமக்குறது குதிரைதான்.

இந்த மலையை நினைச்சா எனக்கு 2018 மார்ச் 11 ராத்திரிதான் முன்னால வரும். அன்னைக்கும் ஞாயித்துக்கிழமை. தோட்டத்துல தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தேன். மலையில சிவப்பா ஒரு கோடு தெரிஞ்சது. மாசி, பங்குனியில புல்லு எரியுறது எங்களுக்குப் புதுசில்ல, அதனால பெருசா எடுத்துக்கல. அந்தக் கோட்டுக்குள்ள ஆள் இருக்காங்கன்னு பிறகுதான் சேதி வந்துச்சு. சென்னையில இருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்தும் வந்த பிள்ளைங்க, கொழுக்குமலையில இருந்து இறங்கும்போது மாட்டிக்கிட்டாங்க. முதல்ல ஓடுனது உள்ளூர் ஆளுங்கதான். இருட்டுல, போர்வையில டோலி கட்டித் தூக்கி வந்தாங்க. 23 உசுரு போச்சு. அந்தப் பிள்ளைங்க வயசுல எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ரொம்ப நாள் அந்தப் பக்கம் நிமிர்ந்து பாக்க மனசு வரல.

அதுக்கப்புறம்தான் அனுமதி, விதிமுறைன்னு எல்லாம் இறுக்குனாங்க. 2024ல அரசாங்கமே 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைன்ல பதிவு, கூட வழிகாட்டின்னு ஏற்பாடு பண்ணியிருக்கு. நல்ல காரியம்தான், நான் குறை சொல்ல வரல. மலை ஏறவே கூடாதுன்னு சொல்ற ஆளும் நான் இல்ல. என் குறையெல்லாம் ஒண்ணுதான். அனுமதிச் சீட்டு கையில இருந்தா மலையே அனுமதி கொடுத்துட்ட மாதிரி நினைச்சுக்கிறாங்க. சீட்டு தேதியைச் சொல்லும். காத்து எந்தப் பக்கம் திரும்புது, புல்லு எவ்வளவு காஞ்சிருக்கு, ஓடையில தண்ணி நிக்குதாங்கிறதை அது சொல்லாது. அதைச் சொல்ல குதிரைக்காரர் இருக்கார், டீக்கடைக்காரர் இருக்கார், விறகு பொறுக்குற பாட்டி இருக்கு. கேட்டா போதும். யாரும் காசு கேக்க மாட்டாங்க.

வர்றதுன்னா மார்கழி, தை மாசத்துல வாங்க. மழை ஓஞ்சிருக்கும், புல்லு பச்சையா இருக்கும், ஓடையில தண்ணி ஓடும். மேல மூணாறு பக்கம் சில விடியக்காலை புல்லுமேல உறைபனி உப்புத் தூவுன மாதிரி கிடக்கும். அதைப் பாக்கவே கூட்டம் வருது. ஆனா பொழுது சீக்கிரம் சாஞ்சிரும், மூடுபனி இறங்குனா பத்தடிக்கு அந்தப்பக்கம் ஒண்ணும் தெரியாது. கம்பளி கொண்டு வர்றவங்க டார்ச்சை மறந்துட்டு வர்றாய்ங்க.

பேச்சு ரோட்டுப் பக்கம் திரும்புச்சு. டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரோடு வேணும்னு மலைக்காரங்க வருசக்கணக்கா கேக்குறாங்க. நாலு பேர்ல ஒரு பொண்ணு, "ரோடு வந்தா இந்த அழகு போயிருமே அங்கிள்"னு சொல்லுச்சு. தப்பா சொல்லல, அதுக்கு நிஜமாவே வருத்தம். எனக்கும் ஜீப்பு, பிளாஸ்டிக்கு, ரிசார்ட்டு எல்லாம் நினைச்சா பயமாத்தான் இருக்கு. குதிரைக்காரர் கோவிச்சுக்கல. "பாப்பா, எங்க வீட்டுல பிரசவ வலி எடுத்தா டோலி கட்டி நாலு பேர் தூக்கணும். மழையில அந்த நாலு பேரும் வழுக்குவாங்க"ன்னு மட்டும் சொன்னார். அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல. நானும்தான். ரெண்டு ஏக்கர் தென்னையும் வீட்டு வாசல் வரைக்கும் தார் ரோடும் வச்சிருக்குற நான் இதுல என்ன கருத்து சொல்றது?

வழிகாட்டிப் பையன் கிளம்பச் சொன்னான். குதிரைக்காரர் மலையை அண்ணாந்து பாத்துட்டு, "மூணு மணிக்குள்ள எங்க நின்னாலும் திரும்பிரு"ன்னு அவன்கிட்ட சொன்னார். நாலு மணிக்கெல்லாம் அஞ்சு பேரும் கீழ வந்துட்டாங்க. குதிரைக்குப் பிஸ்கட் கொடுத்தாங்க, அது பாக்கெட்டோட வாங்கிருச்சு. அந்தத் தம்பி வாய்க்குள்ள கையை விட்டு கவரை உருவி எடுத்து தன் பைக்குள்ளயே போட்டுக்கிட்டான்.

இவ்வளவும் பாத்துட்டு பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன். மிளகு விசாரிக்க மறந்தே போச்சு. அடுத்த வாரம் மறுபடி போகணும்.