தறிச் சத்தமும் காதும்

குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். பேச்சைவிடக் கையசைப்பிலும் உதட்டசைவிலும்தான் காரியம் நடக்கும். நாடா பாயும் தறிகளின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். தினம் 8 மணி நேரம் கேட்டால் 85 டெசிபலே அபாயம் என்பது விஞ்ஞானிகள் கணக்கு.

நமது உட்செவியில், நத்தைக் கூடு போன்ற பகுதியில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. இவை செத்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூரிய ஒலிகள். உயிரெழுத்துகள் காதில் விழும். 'ச' போன்ற மெய்கள் மங்கும். சொன்னது 'பாசி'யா, 'பாதி'யா? "அப்பாவுக்குக் காது கேட்கிறது, கவனம்தான் இல்லை" என்று வீட்டில் குறைப்படுவோம்!

ஆளுக்கே தெரியுமுன் ஆடியோமீட்டர் இந்த இழப்பைக் காட்டிவிடும். மைசூரில் 1960-களில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இதற்கான வல்லுநர்களைப் பயிற்றுவிக்கிறது. ஆனாலும் நோயாளி வரட்டும் என்று கருவி ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறது. அது தறிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

"காதை அடைத்தால் தறி கோளாறு செய்வது தெரியாதே" என்று நெசவாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பஞ்சுத் துணுக்கு இதற்கு விடையல்ல. ஏற்ற காதடைப்பானைக் கண்டறிவதும் ஆராய்ச்சிதான்.